பைச் செடிக்கு உமிக்கரி: காசில்லாமல் ஒரு கவசம்



நெல் வயலில் களையெடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நம்ம முழங்கையைப் பார்த்திருக்கிறோமா? கத்தி படாமலே கோடு கோடாகக் கீறல் இருக்கும். தண்ணி பட்டால் எரியும். கரும்புக் காட்டில் சோகை உரித்தவர்களுக்கும் இது தெரியும். தக்காளிச் செடிக்குள் நாள் முழுக்கக் கை விட்டாலும் இப்படிக் கீறாது. நெல்லுக்கும் கரும்புக்கும் மட்டும் இலையில் யார் அரம் வைத்தது?

அந்த அரம்தான் இந்த மாதப் பாடம். அதன் பெயர் சிலிக்கா. சிலிக்கான் என்ற தாதுவும் பிராண வாயுவும் சேர்ந்த பொருள் அது. ஆற்று மணலில் இருப்பதும் அதுதான், கண்ணாடி வளையலில் இருப்பதும் அதுதான். வேர் வழியாகத் தண்ணீரோடு ஏறி, இலையின் தோலுக்கு அடியில் படிந்து, கண்ணாடி மாதிரி இறுகி நிற்கிறது. நம்ம அப்பத்தா காலத்தில் உமிக்கரி போட்டுப் பல் விளக்கினார்களே, பல் பளிச்சென்று ஆனதற்கு உமியில் இருந்த இந்தச் சிலிக்காவும் ஒரு காரணம். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மூங்கிலுப்பும் மூங்கில் கணுவுக்குள் படிந்த சிலிக்காதான்.

இது எதற்கு மகளிர் குழுவுக்கு என்று கேட்கிறீர்களா? நாம் பையில் செடி வளர்க்கிறோம், நாற்று விற்கிறோம். அதில் போன வருசம் ஒரு நட்டம் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறோம்.

எங்கள் நட்டக் கணக்கு

ஆனைமலை வட்டாரத்தில் தேங்காய்க்கும் மஞ்சிக்கும் குறைவில்லை. மட்டையிலிருந்து மஞ்சி எடுத்த பிறகு மிஞ்சும் நார்க்கழிவை, நம்ம பக்கம் 'பித்து' என்று சொல்கிற தூளை, ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டி வைத்திருந்தார்கள். இப்போது அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2013-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் தொடங்கியபோதும் பைக்குள் போடக் கொடுத்தது இந்த நார்க்கழிவுக் கட்டியைத்தான். மண்ணை மாடிக்குச் சுமக்க முடியாது. பித்து எடை குறைவு, தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணி பிடித்து வைக்கும்.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு குழு உள்கடன் எடுத்து, பித்து நிரப்பிய பைகளில் மிளகாய், கத்தரி, வெள்ளரி போட்டது. பனிக்காலத்தில் வெள்ளரி இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் வந்தது. "நெல்லுச் சாம்பல் போட்டா நோய் வராது" என்று யாரோ சொன்னார்கள். அரிசி ஆலையில் சாம்பல் இலவசம். இலவசம் என்றதும் அளவு பார்க்கவில்லை, ஒரு பைக்கு இரண்டு படி என்று கொட்டிக் கிளறிவிட்டோம். பத்து நாளில் மிளகாய்ச் செடியின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பாதிச் செடி தேறவில்லை. காற்றடித்த நாளில் சாம்பல் அள்ளிய இரண்டு சகோதரிகளுக்கு ஒரு வாரம் இருமல்.

அதற்குப் பிறகு ஒரு வியாபாரி வந்து, "உங்க செடிக்குச் சிலிக்கான் இல்லைங்க, இந்தப் பாட்டிலை அடிச்சா எல்லாம் சரியாகும்" என்றார். திரும்பவும் உள்கடன் கேட்டுத் தீர்மானம் எழுதப் போனபோதுதான் ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங்க, சாம்பல்ல இருந்ததும் சிலிக்கான்னு சொல்றீங்க, பாட்டில்ல இருக்கறதும் சிலிக்கான்னு சொல்றீங்க. ஒண்ணு செடியக் கொன்னுச்சு, ஒண்ணு காப்பாத்துமா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் படித்ததும், விசாரித்ததும், செய்து பார்த்ததும்தான் கீழே இருக்கிறது.

பாடம் 1: மண்ணில் இருக்கிறது, பித்தில் இல்லை

பூமியின் மேல் ஓட்டில் பிராண வாயுவுக்கு அடுத்து அதிகமாக இருப்பது சிலிக்கான்தான். எடையில் கால் பங்குக்கும் மேல். ஆகவே மண்ணில் வளரும் செடி, வேர் விட்ட நாள் முதல் கொஞ்சம் கொஞ்சமாக இதைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் தனியாகப் போட வேண்டியதில்லை.

பித்து மண் இல்லை. அது தேங்காய் மட்டையின் சோறு. பையில் வெறும் பித்தும் எருவும் மட்டும் போட்டால் செடிக்குக் கிடைக்கும் சிலிக்கான் மிகக் குறைவு. வெளிநாட்டில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் செடி வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் பீட் என்ற பாசி மட்கிலும் இதே குறைதான். அதனால்தான் தொட்டிச் செடிக்குச் சிலிக்கான் தருவதைப் பற்றி அங்கே பல ஆராய்ச்சிகள் நடந்தன.

"அப்ப ஒரு கூடை ஆத்து மணல் போட்டாப் போதுமே" என்று தோன்றும். போதாது. மணலும் சிலிக்காதான், ஆனால் அது கல். தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். நம்ம கணக்கில் சொன்னால், மணலில் இருப்பது நூறு வருசத்துக்கு முடக்கி வைத்த வைப்புத்தொகை. பாஸ்புக்கில் தொகை பெரிசு, கைச்செலவுக்கு ஒரு ரூபாய் எடுக்க முடியாது. உமியில் இருப்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. செடி ஏற்கெனவே ஒரு தடவை கரைத்துக் குடித்து வைத்தது. மறுபடி கரைந்து இன்னொரு செடிக்குப் போகும்.

பாட்டில், மூட்டை எதை யார் விற்றாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு சிலிக்கான் இருக்கு?" என்பது இல்லை. "செடி எடுக்கற மாதிரி கரையற சிலிக்கான் எவ்வளவு?" என்பதே.

பாடம் 2: இது சோறு இல்லை, கவசம்

தழை, மணி, சாம்பல் சத்து மாதிரி சிலிக்கான் எல்லாச் செடிக்கும் கட்டாயம் வேண்டிய சத்துப் பட்டியலில் இல்லை. இது இல்லாவிட்டால் செடி செத்துவிடாது. இருந்தால் பல செடிக்கு நன்மை. அந்த நன்மை இவைதான்:

* இலைத் தோல் கெட்டிப்படும். பூஞ்சாணம் உள்ளே நுழையச் சிரமப்படும். வெள்ளரியில் வரும் சாம்பல் நோய் சிலிக்கான் கிடைத்த செடியில் குறைவாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.
* தண்டும் இலையும் விறைப்பாக நிற்கும். நெல் சாயாமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.
* தண்டு துளைக்கும் புழுவுக்கும் இலை கடிக்கும் பூச்சிக்கும் கடிப்பது கஷ்டமாகும்.
* வெயில், தண்ணிப் பற்றாக்குறை, உப்பு ஆகியவற்றை ஓரளவு தாங்கும்.

நெல் எவ்வளவு எடுக்கிறது தெரியுமா? ஒரு ஹெக்டேரில் 5 டன் நெல் விளைந்தால் அந்தப் பயிர் 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கான் எடுத்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தழைச்சத்தைவிட அதிகம்! ஜப்பான் நாடு 1955-லேயே சிலிக்கானை நெல்லுக்கான உரமாக அங்கீகரித்தது. நெல் வேரில் சிலிக்கானை உள்ளே இழுக்கும் வாசல் எது என்பதை 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நம்ம பக்கத்து மாநிலத்தில் பெங்களூரில் 2017-ல் சிலிக்கான் விவசாயத்துக்கென்றே உலக மாநாடு நடந்தது. ஆகவே இது புதுசாக யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இல்லை.

ஆனால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இல்லை. இதை மனதில் வையுங்கள்:

* அதிகம் எடுப்பவை: நெல், கரும்பு, மக்காச்சோளம், சோளம், கோதுமை, மூங்கில், புல் வகை.
* நடுத்தரமாக எடுப்பவை: வெள்ளரி, பூசணி போன்ற கொடிக் காய்கள்.
* குறைவாக எடுப்பவை: தக்காளி, மிளகாய், கத்தரி.

எங்கள் தப்பு இப்போது புரிகிறதா? நோய் வந்தது வெள்ளரிக்கு. சாம்பலை அள்ளிப் போட்டதோ எல்லாப் பைக்கும். மிளகாய் அதிகம் எடுக்காத செடி. அதற்கு நன்மை கொஞ்சம், சாம்பலின் காரம் மட்டும் முழுசாகக் கிடைத்தது. காரத்தன்மை ஏறினால் இரும்புச் சத்தும் துத்தநாகமும் பைக்குள்ளேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளானது அதனால்தான்.

இன்னொரு விசயம். இலையில் போய்ப் படிந்த சிலிக்கா அங்கேயே நின்றுவிடும். பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. ஆகவே ஒரு நாள் அதிகமாகக் கொடுத்துவிட்டு மறந்தால் பின்னால் வரும் இலைக்குக் கவசம் இல்லை. கொஞ்சமாக, தினமும், வேர் வழியாகக் கிடைக்க வேண்டும். அதற்கு மெதுவாகக் கரையும் பொருளைப் பையிலேயே கலந்து வைப்பது தோது.

பாடம் 3: உமி, உமிக்கரி, சாம்பல் - மூன்றும் ஒன்றல்ல

ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டில் இன்றும் நெல் விளைகிறது. நம்ம வட்டாரத்தில் தென்னையும் நெல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒரு கொடுப்பினை. தென்னையின் கழிவில் இல்லாததை நெல்லின் கழிவு தருகிறது.

கணக்குப் பாருங்கள். 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி. 20 கிலோ உமியை முழுசாக எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா.

பச்சை உமி: அப்படியே கலக்கலாம். பையில் காற்றோட்டம் தரும். சிலிக்கான் மிக மெதுவாக வரும். புழுங்கல் அரிசி ஆலை உமியாக இருந்தால் நல்லது. நெல் அவிந்திருப்பதால் உள்ளே தங்கிய மணி முளைக்காது.

உமிக்கரி: காற்றை மட்டுப்படுத்திக் கருக்கியது. பாதிக்குப் பாதி கரி, மீதி பெரும்பாலும் சிலிக்கா. லேசாக இருக்கும், தண்ணி வடியும், வேர் மூச்சுவிடும். ஜப்பானில் நெல் நாற்றுத் தட்டில் இதைப் போடுவது பழைய வழக்கம். பிலிப்பைன்ஸ் விவசாயிகளும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். பைச் செடிக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

சாம்பல்: கரியும் எரிந்து போய் மிஞ்சியது. காரம் அதிகம். கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சாம்பலிலும் வித்தியாசம் உண்டு. குறைந்த சூட்டில் எரிந்த கறுப்பு, சாம்பல் நிறச் சாம்பலில் உள்ள சிலிக்கா கரையும். கொதிகலனில் 700, 800 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வெந்தால் சிலிக்கா படிகமாக மாறிவிடும். பிறகு அது மணல் மாதிரி, செடிக்குக் கிடைக்காது. சாம்பல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உமிக்கரி செய்யும் முறை

1. எண்ணெய் டின் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் நிறைய ஓட்டை போடவும். உமி உள்ளே விழாத அளவு சின்ன ஓட்டை. மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் தகரக் குழாய் புகைபோக்கியாகச் செருகவும்.
2. காற்று குறைவான காலை நேரம், வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி, கெட்டியான தரையில் செய்யவும். இரண்டு குடம் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
3. டின்னுக்குள் சிரட்டை, தென்னை மட்டைத் துண்டு போட்டு நெருப்பு மூட்டவும். நன்றாகப் பிடித்ததும் டின்னைச் சுற்றி உமியைக் குவிக்கவும்.
4. உமி உள்ளிருந்து வெளியே கருத்துக்கொண்டு வரும். மேலே கருப்புப் புள்ளி தெரிய ஆரம்பித்ததும், நீளக் கைப்பிடி உள்ள மண்வெட்டியால் வெளி உமியை உள்ளே தள்ளிக் கிளறவும்.
5. முழுசும் கறுப்பானதும் நிறுத்தவும். வெள்ளையாக விடக்கூடாது. பரப்பித் தண்ணீர் தெளித்து முழுசாக அணைக்கவும். மேலே அணைந்த மாதிரி இருக்கும், அடியில் கங்கு இருக்கும். கை வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு மறுநாள் மூட்டை கட்டவும்.

உமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் கரி தேறும். சிரட்டையும் உமியும் நம்ம ஊரிலேயே கிடைப்பதால் செலவு நம்ம உழைப்பு மட்டும்தான்.

பை நிரப்பும் அளவு

முதலில் பித்தைச் சரி செய்யுங்கள். புதுப் பித்தில் உப்பு இருக்கும். மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். மக்க வைத்த பித்து இன்னும் நல்லது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்த முறையில் ஒரு டன் பித்துக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக் காளான் வித்து. 100 கிலோ பித்து ஒரு அடுக்கு, அதன் மேல் ஒரு பாட்டில் வித்து, அடுத்த 100 கிலோ, அதன் மேல் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் 60 நாளில் கறுத்து மக்கிவிடும்.

பிறகு கலவை. பாண்டு சட்டிக் கணக்கில்:

* மக்கின பித்து - 5 சட்டி
* செம்மண் - 2 சட்டி
* மண்புழு உரம் அல்லது மக்கின தொழுவுரம் - 2 சட்டி
* உமிக்கரி - 1 சட்டி

பத்தில் ஒரு பங்குதான் உமிக்கரி. முதல் தடவை செய்பவர்கள் இதற்கு மேல் போக வேண்டாம். செம்மண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் சிலிக்கான் தரும். மாடிக்கு எடை ஆகாது என்று மண்ணே போடாதவர்களுக்குத்தான் உமிக்கரி ரொம்ப அவசியம்.

உமிக்கரி கிடைக்காமல் சாம்பல்தான் இருக்கிறது என்றால், 15 லிட்டர் கலவை பிடிக்கும் பைக்கு ஒரு டீ டம்ளர் போதும். அதுவும் கொடிக் காய்க்கு மட்டும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்குச் சாம்பல் வேண்டாம். சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. காரம் பட்டால் தழைச்சத்து அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும். மூக்கில் நெடி ஏறும், காசும் போகும்.

சாம்பலின் காரத்தைப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகிறதே, அதே கணக்கு. ஒரு கரண்டி சாம்பலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடவும். சிவந்தால் காரம் கடுமை, அந்தச் சாம்பல் பைக்கு வேண்டாம். சிவக்காவிட்டால் அளவு பார்த்துப் போடலாம். இது தோராயச் சோதனைதான். நாற்று வியாபாரம் செய்யும் குழு, கலவையைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து கார அமில அளவும் உப்பு அளவும் பார்த்துவிடுவதே நல்லது.

உயிர் முக்கியம்: தூசியைச் சுவாசிக்காதீர்கள்

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஆலைக்குப் போகும் சகோதரிகளுக்குக் காட்டுங்கள். கல் குவாரியில் வேலை செய்பவர்களுக்கு நுரையீரல் கெட்டுப் போகும் சிலிக்கோசிஸ் நோய் படிகச் சிலிக்கா தூசியால் வருகிறது. வந்தால் மருந்தால் குணமாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கடும் சூட்டில் வெந்த உமிச் சாம்பலிலும் இந்தப் படிகம் இருக்கலாம்.

நாம் வருசத்துக்கு ஒரு தடவை ஒரு மூட்டை அள்ளுவதால் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் பழக்கம் சரியாக இருக்கட்டும்:

* சாம்பல், கரி, கல் மாவு எதையும் உலர்ந்த நிலையில் அள்ளவோ சலிக்கவோ கூடாது. முதலில் தண்ணீர் தெளிக்கவும். ஈரமான சாம்பல் பறக்காது. இதுதான் முதல் பாதுகாப்பு.
* முந்தானையை மூக்கில் சுற்றினால் நைஸ் தூசி நிற்காது. கொரோனா காலத்தில் பழகிய என்-95 முகக்கவசம் போடவும்.
* காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வீசிங் உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம்.
* வேலை முடிந்ததும் சேலையை உதறாமல் தண்ணீரில் நனைக்கவும்.

கடைச் சரக்கு வாங்கலாமா?

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. என்னவென்று தெரிந்து வாங்குங்கள். பாட்டிலில் வருவது பெரும்பாலும் பொட்டாசியம் சிலிகேட். உடனே கரையும், ஆனால் காரம் கடுமை. தண்ணீரில் நன்றாக நீர்க்க வேண்டும், மற்ற உரத்தோடு நேராகக் கலந்தால் திரிந்து போகும். மூட்டையில் வருபவை டயட்டம் மண், கால்சியம் சிலிகேட், வொல்லாஸ்டனைட் என்ற கல் மாவு. டயட்டம் மண் என்பது தண்ணீரில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடு. வொல்லாஸ்டனைட் ராஜஸ்தானில் வெட்டி எடுக்கிறார்கள். இவை மெதுவாகக் கரையும்.

அதிகம் போட்டால் அதிக நன்மை என்பது இதிலும் பொய். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் தொட்டியில் வளர்த்த அலங்காரச் சூரியகாந்திக்கு உமிச் சாம்பலும் பொட்டாசியம் சிலிகேட்டும் கொடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். சரியான அளவில் தண்டு பருத்தது, பூ நன்றாக வந்தது. பொட்டாசியம் சிலிகேட்டை அதிக அளவில் ஊற்றிய செடிகள் குட்டையாகி, பூ கோணலாகிவிட்டது. படித்தவர்கள் கூடத்தில் அளந்து ஊற்றியே இந்தக் கதி என்றால், படியில் அளந்த நம்ம மிளகாயைக் குறை சொல்லலாமா?

பத்துப் பை, பத்துப் பை

வியாபாரியைக் கேட்காமல், எங்களையும் அப்படியே நம்பாமல், நீங்களே பார்க்க ஒரு வழி:

பத்துப் பையில் உமிக்கரி கலந்த கலவை. பத்துப் பையில் உமிக்கரி இல்லாமல் மற்றதெல்லாம் அதே மாதிரி. ஒரே விதை, ஒரே நாள், ஒரே வெயில், ஒரே அளவு தண்ணி. வரிசையைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று வைக்கவும். பையில் பெயின்டால் குறி போடவும். வெள்ளரியோ பூசணியோ போடுங்கள், வித்தியாசம் தெரியும். வாரம் ஒரு நாள் ஊக்குநர் நோட்டில் எழுதட்டும்: சாம்பல் நோய் பட்ட இலை எத்தனை, காய் எத்தனை, எடை எவ்வளவு. நம்ம வரவு செலவு நோட்டு மாதிரியே. அறுபது நாள் கழித்து இரண்டு பத்தியையும் கூட்டிப் பாருங்கள்.

எங்கள் நட்டக் குழு இதைத்தான் செய்தது. பாட்டில் கடன் தீர்மானத்தைத் தள்ளி வைத்துவிட்டு இருபது பை வைத்தார்கள். உமிக்கரிப் பை வெள்ளரியிலும் சாம்பல் நோய் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது, கீழ் இலையோடு நின்றது. மற்றப் பையில் உச்சி வரை ஏறியது. மிளகாயில் வைத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கெடுதலும் இல்லை. ஒரே ஊர், ஒரே பருவம், இருபது பைதான். இதையே முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டோம். ஆனால் பாட்டிலுக்குக் கேட்ட கடன் தேவைப்படவில்லை. அந்தப் பணத்தில் பழைய உள்கடனில் இரண்டு தவணை அடைத்தார்கள்.

அந்தக் கேள்வி கேட்ட அக்கா பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைக்கும்தான். கேள்வி கேட்கப் பட்டம் வேண்டியதில்லை என்று அன்றைக்கு எல்லோரும் தெரிந்துகொண்டோம். இப்போது அவர்தான் அந்தக் குழுவின் நோட்டை எழுதுகிறார்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம பைகளில் மண் இருக்கிறதா, வெறும் பித்தா? எந்தச் செடி போட்டிருக்கிறோம்? அது சிலிக்கான் அதிகம் எடுக்கும் செடியா?
2. பக்கத்து அரிசி ஆலையில் உமி கிடைக்குமா? அங்கே சாம்பல் என்ன நிறம்?
3. மூன்று நான்கு குழு சேர்ந்து ஒரே இடத்தில் உமிக்கரி சுட முடியுமா? டின், முகக்கவசம் செலவை ஊராட்சிக் கூட்டமைப்பு ஏற்குமா?
4. போன வருசம் செடிக்கு வாங்கிய மருந்து, பாட்டில் எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு? அதில் எதையாவது சோதித்துப் பார்த்து வாங்கினோமா?
5. இருபது பைச் சோதனையை எந்த உறுப்பினர் வீட்டில் வைக்கலாம்? நோட்டு யார் பொறுப்பு?

சந்தேகம் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், காரமடை பக்கம் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். தென்னை விசயம் என்றால் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் நமக்குக் கைக்கெட்டும் தூரம். தனியாகப் போகத் தயங்குபவர்கள் குழுவாகப் போங்கள். போகும்போது சோதனை நோட்டை எடுத்துப் போக மறக்காதீர்கள். நோட்டோடு போனால் பதிலும் தெளிவாக வரும்.

வயலில் நம்ம கையைக் கீறிய அதே பொருள், பையில் நம்ம செடிக்குக் காவல் நிற்கிறது. அளவோடு போட்டால் காவல். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மிளகாய்ச் செடி சொல்லிவிட்டது. அடுத்த கூட்டத்தில் உங்கள் நோட்டுக் கணக்கோடு சந்திப்போம்.